பத்தொன்பது இடைவெளிகள்

முதல் கடிதம்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். அத்தையும் சின்னவளும் நலம். நீங்கள் நலமாக இருப்பதை உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். ஆகையால் ஒரு வரியாவது எழுதிப் போடுங்கள். போன கடிதத்தின் உறையில் பிரித்து ஒட்டிய தடம் இருந்தது. ராணுவத்திலிருந்து வரும் கடிதங்களை எல்லாம் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்று தபால்காரர் சொன்னார். படித்தால் படிக்கட்டும். நம் வீட்டில் ரகசியம் என்ன இருக்கிறது, அத்தையின் முழங்கால் வலியைத் தவிர.

சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணாடி முன்னால் நின்று ஓட்டை வழியாக நாக்கை நீட்டிப் பார்ப்பதுதான் இப்போது அவளுக்கு முழுநேர வேலை. அத்தை சமையலறைக் குழாயோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது சொட்டுகிறது, இவர்கள் திட்டுகிறார்கள். நீங்கள் வந்தால்தான் இரண்டும் நிற்கும்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பார்த்த அதே வேலைதான். பார்வையற்றோர் நூலகத்தில் வேதாகமம் முழுவதையும் ஒலிப்பதிவு செய்கிறார்கள். வாசிப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் இருமினால், பக்கம் புரட்டினால், எச்சில் விழுங்கினால் அதையெல்லாம் வெட்டி எடுப்பது என் பாடு. பதிவறை நம் குளியலறை அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, இரட்டைக் கதவு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் உங்கள் ரத்தம் ஓடுவதே உங்கள் காதில் கேட்கும்.

வாசிப்பவரை எல்லோரும் ரயிலடி ஐயா என்கிறார்கள். முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவர். முகம் தெரியாதவர்கள்கூட அவர் குரலைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அப்படியொரு குரல், எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். வம்சவரலாறு வாசிக்கும் அன்று எங்கள் பொறுப்பாளர் அம்மா, நடுவில் எந்த வண்டி எத்தனை மணி தாமதம் என்று சொல்லிவிடாதீர்கள் என்று கேலி செய்தார். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வருவார், வாசிப்பார், வெந்நீர் குடிப்பார், போவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து அது இடிந்து விழுந்ததும் அந்தப் பட்டணத்தைப் பிடிக்கும் பகுதிக்கு வந்தோம். உங்களுக்குத் தெரியும். ஆண், பெண், கிழவர், பால்குடி என்று பார்க்காமல் மூச்சுள்ள எதையும் விடாதே என்று கட்டளை வருகிறது. விடவில்லை என்று அடுத்து எழுதியிருக்கிறது. சின்ன வயதில் இதை நாங்கள் பாட்டாகப் பாடியிருக்கிறோம். வகுப்பில் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எல்லோரும் தொப்பென்று தரையில் விழுவோம். யாராக விழுகிறோம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ரயிலடி ஐயா அதை ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு நிமிடம். ஆனால் பதிவைத் திறந்தால் பன்னிரண்டரை நிமிடம் இருக்கிறது. போட்டுக் கேட்டேன். அங்கங்கே ஐந்து நொடி இடைவெளி. மொத்தம் பத்தொன்பது. ஐயாவிடம் கேட்டதற்கு, "நான் எங்கேயும் நிறுத்தலையேம்மா" என்றார். அவர் நிறுத்தவில்லை என்பது எனக்கும் தெரியும்.

சரி, இயந்திரக் கோளாறு என்று பத்தொன்பதையும் வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை திறந்தேன். பத்தொன்பதும் இருந்த இடத்தில் இருந்தன.

பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோளாறுக்கு ஏதாவது காரணம் இருக்கும். ஆனால் அந்தப் பகுதியை அதன்பின் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், அதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு வகுப்பு எடுத்தவர் நீங்கள். இப்படி ஒரு கட்டளையை எப்படிப் படிப்பது? பால்குடி என்ன செய்தது? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

சின்னவள் இந்தக் காகிதத்தின் ஓரத்தில் ஏதோ வரைந்திருக்கிறாள். அது நீங்களாம். தொப்பி மட்டும் சரியாக இருக்கிறது.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி.


இரண்டாம் கடிதம்

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று படித்ததும் அத்தை போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். அழுதது தெரியக் கூடாதாம்.

நான் கேட்டதற்கு நீங்கள் எழுதிய பதிலை மூன்று முறை படித்தேன். அந்த ஜனங்கள் பொல்லாதவர்கள், தங்கள் பிள்ளைகளையே நெருப்பில் போட்டவர்கள், அன்றைக்கு நடந்ததை இன்றைய தராசில் நிறுக்கக் கூடாது, கட்டளை மேலே இருந்து வந்தது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் நீங்கள் சொல்லும் அதே ஒழுங்கோடு இருந்தது. பிறகு, புறப்படுவதற்கு முன் உங்கள் படையின் போதகர் இதே பகுதியைத்தான் வாசித்தார் என்றும், பையன்களுக்கு அது தெம்பாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே புறப்படுவதற்கு என்பது தெரியவில்லை. அதற்கு அடுத்த இரண்டு வரியும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கம் உங்கள் பேனா அழுத்திய மேடு கைக்குத் தட்டுப்படுகிறது, எழுத்துத் தெரியவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்க எங்களிடம் ஓர் அக்கா இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. முன்பு ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். படியில் யார் ஏறுகிறார்கள், அவர்கள் செருப்பு பழசா புதுசா என்பது வரை சொல்லிவிடுவார். அவரிடம் நான் இடைவெளியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பதிவைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி, "இது யார் வீட்டுல வெச்சு எடுத்தது?" என்றார்.

இங்கேதான், பதிவறையில்தான் என்றேன்.

"வாசிச்சது இங்கதான். நிறுத்துற எடம் இங்க இல்ல. அது ஏதோ வீடு. ஒவ்வொரு தடவையும் வேற வேற வீடு" என்றார்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அமைதியிலும் ரகம் உண்டு. மெத்தைச் சுவர் அறையின் அமைதி செத்தது. தாழ்ந்த கூரை உள்ள அறையின் அமைதியில் ஒரு கனம் இருக்கும். என் கருவியில் ஒலியைக் கூட்டி, அந்த ஐந்து நொடிகளை மட்டும் எடுத்து, இருவரும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டோம். பகல் பதினொரு மணி. வெளியே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் இடைவெளியில் ஒரு பாத்திரத்தின் மேல் மூடியை வைக்கும் சத்தம். மெதுவாக, சத்தம் வராமல் வைக்கப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் வந்துவிடுகிறதே, அந்த மாதிரி. இரண்டாவதில் துடைப்பத்தைச் சுவரில் சாத்துவது. மூன்றாவதில் ஒரு குழந்தை இருமியது. ஒரே ஓர் இருமல். ஒரு வயதுகூட இருக்காது. ஆறாவதில் யாரோ ஒரு கிழவர் தடியைத் தேடுகிறார். இப்படிப் பதினெட்டு. கடைசியில் மட்டும் யாரோ அரிவாள்மனையில் எதையோ நறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தவே இல்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. என் கை எப்படி இருந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பொறுப்பாளர் அம்மா மைக்கை மாற்றினார், கருவியை மாற்றினார். ஐயா திரும்ப வாசித்தார். அதே பத்தொன்பது. பிறகு நூலகக் குழுவிலிருந்து ஒரு பெரிய படிப்பாளி வந்தார். பதிவைக் கேட்கவில்லை, அந்தப் பகுதியைக் கேட்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். அந்தக் காலத்து அரசர்கள் இப்படித்தான் மிகைப்படுத்தி எழுதுவார்கள், உண்மையில் அவ்வளவு பேர் சாகவில்லை என்றார். பட்டணம் என்பது நம் மனது, அதிலுள்ள ஜனங்கள் நம் பாவங்கள், மிச்சம் வைக்காமல் அழிக்கச் சொல்வது அதைத்தான் என்றார். நல்ல மனிதர், மென்மையாகப் பேசினார். கேட்கும்போது எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு ஹெட்போனை மாட்டினேன். மூன்றாவது இடைவெளியில் பாவம் இருமியது.

கடைசியில், அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் வேறு குரலில் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வந்து வாசித்துக்கொடுத்தார். பதினொரு நிமிடம், ஓர் இடைவெளிகூட இல்லை. சுத்தமான பதிவு. சரிபார்க்கும் அக்கா முழுவதையும் கேட்டார். "நல்லா இருக்கு. யாருமே இல்ல" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பதிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிறு வகுப்பில் ஒரு பிள்ளை பூனைக்குட்டி செத்ததென்று அழுதபோது பாடத்தை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் அதற்குக் குழி தோண்டிக் கொடுத்தவர் நீங்கள். அந்த மனிதர் எழுதிய பதிலாக இது இல்லை. அவர் அங்கே சௌக்கியமா என்று மட்டும் எழுதுங்கள்.

பிரியத்துடன்,
உங்கள் மனைவி.


மூன்றாம் கடிதம்

அன்புள்ள என்னவருக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. குழாயை அத்தையே ஒரு ரப்பர் வளையம் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். இரண்டு நாளாக யாரையும் திட்ட முடியாமல் தவிக்கிறார்கள். சின்னவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். கடைப் பலகை ஒன்றையும் விடுவதில்லை, நடந்து வீடு வந்து சேருவதற்குள் மணி ஆகிவிடுகிறது.

இனி சொல்லப்போவது பழைய கதை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தியது. இதைப் பிரித்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கும் ஒரு வீடு இருக்கும். படித்துவிட்டு, ஒட்டி அனுப்பிவிடட்டும்.

ஆசிரியை வாசித்துக்கொடுத்த மறுநாள் ரயிலடி ஐயா வந்தார். அவருக்கு அன்று வாசிப்பு இல்லை. என் அறைக்குள் வந்து நின்று, "என்னோடதுல என்ன கேக்குதுன்னு எனக்கும் போட்டுக் காட்டும்மா" என்றார். வேண்டாம் ஐயா என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சரிபார்க்கும் அக்காவும் இருந்தார். போட்டேன்.

முதல் இடைவெளி வந்தபோது அவர் தலையை ஆட்டினார், தெரிந்தவர் ஒருவரைத் தெருவில் பார்த்தால் ஆட்டுவது போல. ஒவ்வொன்றுக்கும் அப்படியே. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி ஒயரைச் சுற்றி வைத்தார். வெந்நீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு அந்த அறிவிப்புக் குரலிலேயே சொன்னார். ஏற்ற இறக்கம் இல்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி.

ரயில்வேக்கு வருவதற்கு முன் அவர் உங்களைப் போலச் சீருடையில் இருந்தவராம். வயது இருபத்திரண்டு. ஒரு குடியிருப்புக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் அதிகாரி வண்டியின் மேல் ஏறி நின்று இந்தப் பகுதியை வாசித்தாராம். மொழி வேறு என்பதால் அந்த ஜனங்களோடு பேச ஆள் வேண்டியிருந்தது. ஐயாவுக்கு அந்த மொழி வரும். குரலும் நல்ல குரல்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் வேலை கூப்பிடறதுதாம்மா. வீட்டு வாசல்ல நின்னு, வெளிய வாங்க, பயப்படாதீங்க, பேரை எழுதிக்கிட்டு விட்டுடுவோம்னு சொல்லணும். அவ்வளவுதான். துப்பாக்கி என் தோள்லயே கெடந்துச்சு. கூப்பிட்டதும் உள்ள ஒரு அஞ்சு நொடி பேச்சுமூச்சு இருக்காது. அப்புறம் கையில இருக்கறதைக் கீழ வெப்பாங்க. பாத்திரத்தை மூடுவாங்க, துடைப்பத்தைச் சாத்துவாங்க. புள்ளையைத் தூக்கறப்ப அது இருமும். அப்புறம் கதவு திறக்கும். வந்துட்டாங்க எல்லாரும். என் குரலைக் கேட்டு வந்தாங்க."

பதினெட்டு வீடு. பத்தொன்பதாவது வீட்டு வாசலில் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. "பொய் இல்லம்மா, காத்துகூட வரல. உள்ள யாரோ எதையோ நறுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கேட்டுச்சு. பின்னால தூரத்துல நின்ன அதிகாரிக்குக் கேக்கல. நான் கூப்பிட்டும் பதிலைக் காணோமேன்னு ஆள் இல்லாத வீடுன்னு நெனச்சுட்டாரு. வண்டி கெளம்பிடுச்சு" என்றார். குரல் திரும்பி வர நாலு மாதம் ஆனதாம். வந்த பிறகு ரயில் நிலையத்தில் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் ஜனங்களைக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவரும் வண்டி ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிப்பாராம்.

அவர்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த வெந்நீர்க் குவளையை எடுக்க என் கை நீளவில்லை. அக்காதான் தடவிப் பார்த்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பிறகு நான் கேட்டேன்: அப்படியானால் இந்தப் பகுதியைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட வேண்டாமா, இதை எதற்கு இன்னும் வாசிக்க வேண்டும் என்று. அவர் குவளையைக் கீழே வைத்தார். "எடுத்துட்டா நாங்க செஞ்சது எங்கயும் எழுதாமப் போயிடும்மா. இதை எழுதினவன் கடவுள் சொன்னாருன்னு எழுதியிருக்கான். எனக்குக் கடவுள் குரல் எப்படி இருக்கும்னு தெரியாது. ஆனா அன்னிக்கு வண்டி மேல நின்னு சொன்ன குரல் தெரியும். அது எங்க அதிகாரி குரல். இதை எழுதினவனும் அப்படி ஒரு ஆள் சொல்லக் கேட்டுத்தான் எழுதியிருப்பானோ என்னவோ. வாசிங்க. ஆனா வேகமா வாசிக்காதீங்க. எங்களுக்கு வேகமா வாசிச்சுட்டாங்க" என்றார்.

இது சரியா தவறா என்று படிப்பாளிகள் சொல்லட்டும். எனக்கு அந்தப் பகுதியைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாததை அவர் சொன்னார் என்று மட்டும் தெரிகிறது.

பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டு, அவர் கடைசியாக ஒருமுறை வாசித்தார். இந்தத் தடவை அவரே பத்தொன்பது இடத்தில் நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். யாராவது கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று காத்திருப்பவர் போல இருந்தார். பதிவைத் திறந்து பார்த்தேன். அவர் வாசித்த நேரமும் பதிவின் நேரமும் ஒன்றாக இருந்தன. இடைவெளிகளில் எங்கள் மெத்தை அறையின் செத்த அமைதிதான். விட்டது என்று மூச்சுவிட்டேன்.

அக்கா கேட்டார். இரண்டு முறை கேட்டார். "சத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா ஆளுங்க இருக்காங்க. முன்ன நாம அவங்களைக் கேட்டோம். இப்ப அவங்க கேட்டுட்டிருக்காங்க" என்றார்.

அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டோம். இப்போது பல ஊர்களில் பார்வையில்லாதவர்கள் அதைக் கேட்கிறார்கள். ஐயா மறுநாளிலிருந்து வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையாம். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பொறுப்பாளர் அம்மா, அவர் வாசல் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார், காற்றுக்காக என்கிறார் என்று வந்து சொன்னார்.

இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். அப்போதுதான் உங்கள் இந்தக் கடிதம் வந்தது. நீங்கள் இருக்கும் ஊர்ப் பேச்சை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டீர்கள் என்று மேலதிகாரி பாராட்டியதாகவும், இனி உங்களை முன்வரிசையில் வைத்துக்கொள்ளப் போவதாகவும், ஜனங்களோடு பேசுகிற வேலை மட்டும்தான், ஆபத்து ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அத்தைக்கு ஒரே பெருமை. பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

உங்களுக்கு நல்ல குரல். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுத்தான் நான் சரி என்றேன், இத்தனை வருடத்தில் உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் கூப்பிட்டால் யாரும் கதவைத் திறப்பார்கள்.

அங்கே பனி அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எந்த வைத்தியரிடமும் நான் சொல்லத் தயார். பனியில் தொண்டை யாருக்கும் கட்டிக்கொள்ளும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கட்டிக்கொண்டால் கஷாயம், மாத்திரை எதுவும் சாப்பிடாதீர்கள். அப்படியே இருக்கட்டும். வலுக்கட்டாயமாகப் பேச முயலாதீர்கள். நாலு மாதம் ஆனாலும் ஆகட்டும், அதற்கு மேலும் ஆகட்டும். திரும்பி வரும்போது குரலே இல்லாமல் வந்தாலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கையால் சொல்லிக்கொள்வோம். சின்னவள் சீக்கிரம் கற்றுக்கொள்வாள், அத்தைக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும் என்றுதான் எப்போதும் எழுதி முடிப்பேன். இன்றைக்கு, கடவுள் உங்கள் தொண்டையில் கை வைக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் பேசாமல் வந்து நிற்கும் நாளுக்காக வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி.